பாறைக்கு ஒரு முதுகு

மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓர் ஆறு. அதன் இரண்டு கரையிலுமாகப் பரந்து கிடந்தது ஒரு காடு. மூங்கிலாற்றுக் காடு என்று அதற்குப் பெயர். எல்லாக் காட்டையும் போல அங்கேயும் கொம்புள்ளவை இருந்தன, பல்லுள்ளவை இருந்தன, வாய் மட்டும் உள்ளவையும் நிறைய இருந்தன.

அந்தக் காட்டில் கொல்வது குற்றமில்லை, பிள்ளைகளே. பசித்த மிருகம் கொன்றது, தின்றது என்றால் அது வேட்டை. இழந்தவர்கள் அழுவார்கள், அவ்வளவுதான். வழக்குக் கிடையாது. ஆனால் கொன்றுவிட்டு ஒரு வாய்கூடத் தின்னாமல் போனால் அதற்குப் பெயர் கொலை. கொலை நடந்தால்தான் காடு கூடும்.

ஒரு கோடையில் அப்படி ஒரு கொலை நடந்தது.

மலைச்சரிவுக்குக் கீழே குட்டித்திடல் என்று ஒரு புல்வெளி. உச்சி வெயிலில் தாய்கள் மேயப் போகும்போது தங்கள் குட்டிகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். வயிறு முட்டத் தின்றிருந்த ஒரு சிறுத்தை ஒருநாள் அந்தப் பக்கம் வந்தது. இரண்டு முயல்குட்டிகளையும் ஒரு மான்குட்டியையும் கொன்றது. பிறகு அங்கேயே உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

யானைகள் சுற்றி வளைத்துக் கேட்டன. "ஏன் கொன்றாய்?"

"ஓடின. பிடித்துப் பார்த்தேன்" என்றது சிறுத்தை.

யானைகள் அதைச் சரிவில் இருந்த ஒரு குகைக்குள் விரட்டி, வாசலில் ஓர் உருண்டைப் பாறையை வைத்து அடைத்தன. இங்கேதான் ஒரு சங்கடம். குகை வாசல் சரிவாக இருந்தது. பாறை கீழே உருளப் பார்த்தது. முட்டுக் கொடுக்கக் கல் வைத்துப் பார்த்தார்கள். மண் சரிந்து கல்லும் சரிந்தது. கடைசியில் ஒரு கரடி வந்து பாறைக்குக் கீழ்ப்பக்கமாக உட்கார்ந்து தன் முதுகைக் கொடுத்தது. பாறை நின்றது.

"ஒரு நாழிகை பொறுத்துக்கொள். மாற்றாள் அனுப்புகிறோம்" என்று சொல்லிவிட்டு யானைகள் போயின.

கரடி சொன்ன வேலையைச் செய்யும். யாரும் தன்னை எதுவும் கேட்பதில்லை என்ற குறை மட்டும் அதன் மனசில் வெகுநாளாக உண்டு.

காடு கூடியது.

மூங்கிலாற்றில் கருத்து வாயில் இல்லை, காலில் இருந்தது. வறண்ட ஆற்றின் எந்தக் கரையில் நிற்கிறாயோ அதுதான் உன் கருத்து. மரத்தின்மேல் இருந்து காகம் தலைகளை எண்ணும். நடு மணலில் தலைவரான கிழட்டு யானை நிற்கும். யானையும் அது கூப்பிட்டவர்களும் மட்டுமே நடுவில் நின்று பேசலாம். கூப்பிடாமல் நடுவில் வந்து நிற்பவருக்குப் பேச்சில்லை. பால்குடி மறக்காத குட்டிக்குத் தலைக்கணக்கும் இல்லை, பேச்சும் இல்லை.

இடது கரையில் மலைக் கட்சி. கொலைகாரனை மலையுச்சியிலிருந்து தள்ளிவிட வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. வலது கரையில் குகைக் கட்சி. சாகும்வரை அவனைக் குகையிலேயே அடைத்து வைக்க வேண்டும் என்பது இவர்கள் பேச்சு.

முதலில் யானை சிட்டுக்காலியைக் கூப்பிட்டது. செத்துப்போன மான்குட்டியின் தாய் அவள். இரண்டு குட்டிகளில் ஒன்று போய், மினுக்கி என்ற ஒன்றுதான் மிச்சம். சிட்டுக்காலி நடு மணலில் வந்து நின்றாள். அவள் அழுவாள் என்று இரண்டு கரையும் காத்திருந்தன.

அவள் அழவில்லை. "பாறையில் கரடியண்ணன் தனியாகச் சாய்ந்திருக்கிறார். அவருக்கு மாற்று யார்?" என்று கேட்டாள்.

இரண்டு கரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. யானை தொண்டையைச் செருமியது.

"அம்மா, அது இன்றைய பேச்சில் இல்லை. தண்டனை முடிவானால் பாறை விஷயம் தானாக முடிந்துவிடும்."

"முடிவாகும்வரை?"

"அதைத்தானே முடிவு செய்துகொண்டிருக்கிறோம்!"

சிட்டுக்காலி திரும்பி நடந்தாள். போகிற வழியில் உதிர்ந்து கிடந்த இலுப்பைப் பூவை வாய் நிறையப் பொறுக்கிக்கொண்டு போய்க் கரடிக்குக் கொடுத்தாள்.

அவள் போனதும் பேச்சு சூடு பிடித்தது.

மலைக் கட்சிக்குக் காட்டுப்பன்றி தலைமை. அது எதையும் யோசித்துவிட்டுப் பேசியதில்லை, ஆனால் உரக்கப் பேசும். "மூன்று உயிரை எடுத்தவனுக்கு ஓர் உயிர் பெரிதா? தள்ளு மேலிருந்து!"

குகைக் கட்சிக்குக் கொக்கு தலைமை. அது ஒற்றைக் காலில் நின்று யோசிக்கும். யோசித்ததைச் சொல்லி முடிக்க அரை நாள் ஆகும். "தள்ளிவிட்டு நாம் அவனைத் தின்னப் போகிறோமா? இல்லையே. தின்னாமல் கொன்றால் அது கொலை. அது நம் சட்டம்தானே?"

"வேண்டுமானால் தின்றுவிடுகிறோம்!" என்றது பன்றி. இடது கரை முழுக்கச் சிரிப்பு.

"நாளைக்கு வேறொரு வழக்கில் ஆள் தெரியாமல் தள்ளிவிட்டால்? விழுந்தவனை மேலே தூக்க முடியுமா?"

"இவன்தான் வாய்விட்டு ஒப்புக்கொண்டானே! செத்தது உன் குஞ்சாக இருந்தால் இப்படி நிதானமாக ஒற்றைக் காலில் நிற்பாயா?"

கொக்கு மற்றொரு காலையும் ஊன்றியது. கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்படியே முதல் நாள் போனது. இரண்டாம் நாள் பன்றி குகைக்கு வந்து, கொலைகாரன் பயந்துவிட்டானா என்று பாறை இடுக்கில் எட்டிப் பார்த்தது.

"பன்றியாரே, மலை மட்டும் வேண்டாம்!" என்று கெஞ்சியது சிறுத்தை. "குகை எனக்குப் பரவாயில்லை. நிழல் இருக்கிறது, படுத்துக் கிடப்பேன்."

சந்தோஷத்தில் பன்றிக்குத் தலைகால் புரியவில்லை. "பாருங்கள், அவனுக்குக் குகைதான் வேண்டுமாம்!" என்று கரைக்கு ஓடிப்போய்க் கத்தியது.

மூன்றாம் நாள் கொக்கு வந்தது. சிறுத்தை அதனிடம் குரலை மாற்றிக்கொண்டது. "கொக்காரே, என்னைச் சீக்கிரம் தள்ளிவிடச் சொல்லுங்கள். ஒரு நொடியில் முடிந்துவிடும். காலமெல்லாம் இந்த இருட்டில் கிடப்பதை நினைத்தால்தான் நடுக்கமாக இருக்கிறது."

கொக்கும் பறந்து போய் அதையே தன் கரையில் சொன்னது. அதற்குப் பிறகு இரண்டு கட்சியிலும் ஒருவரும் இம்மியும் அசையவில்லை. பன்றியும் கொக்கும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் சிறுத்தையின் சாயம் வெளுத்திருக்கும். எதிர்க்கரையோடு பேசுவது அந்தக் காட்டு வழக்கத்தில் இல்லை.

கரடியோ நான்கு நாளாகப் பாறையில் சாய்ந்தபடியே இருந்தது. மாற்றாள் வரவில்லை. முதுகு தோலுரிந்து போனது. சிட்டுக்காலி தினமும் பூ கொண்டுவந்தாள். கரடியின் காதில் ஏறிய எறும்புகளை மினுக்கி ஊதிவிட்டாள்.

நான்காம் நாள் உச்சி வெயிலில் காகம் எண்ணி முடித்து இறக்கையை அடித்தது. "இடது கரை நாற்பது! வலது கரை நாற்பது!"

காடே திகைத்தது. ஒரு தலை கூடினால் வெற்றி. யார் வரவில்லை என்று பார்த்தார்கள். இரண்டே பேர்தான் வரவில்லை. சிட்டுக்காலி, கரடி.

பன்றியும் கொக்கும் தங்கள் ஆட்களோடு சரிவில் மூச்சிரைக்க ஏறி வந்தன.

"சிட்டுக்காலி! உன் குழந்தைக்காகத்தான் இவ்வளவும்! வா, வந்து இடது கரையில் நில்!" என்றது பன்றி.

"உன் பெருந்தன்மையைக் காடு பார்க்கட்டும். வலது கரைக்கு வா" என்றது கொக்கு.

"வருகிறேன்" என்றாள் சிட்டுக்காலி. "உங்களில் ஒருவர் கரடியண்ணனோடு முதுகு கொடுங்கள். அவர் சோர்ந்துபோய்விட்டார். கீழே பாருங்கள், திடலில் நம் எல்லோர் குட்டிகளும் தனியாக இருக்கின்றன. தாய்கள் எல்லாரும் உங்கள் கரைகளில் நிற்கிறார்கள்."

"இங்கே நின்றால் என் தலையை யார் எண்ணுவது?" என்றது பன்றி.

"என் முதுகு மெலிந்தது" என்றது கொக்கு. அது பொய்யில்லை.

"பாவம், பிள்ளை போன துக்கத்தில் இவளுக்கு ஒன்றும் புரியவில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் கரடியின் பக்கம் திரும்பினார்கள்.

"கரடியாரே, இந்தக் காட்டின் முடிவே உங்கள் ஒரு தலையில்தான் இருக்கிறது!"

கரடி தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. "என் தலையிலா?"

"உங்கள் தலையில்தான். யோசித்துவிட்டு வாருங்கள்." சொல்லிவிட்டு எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். தாங்கள் இல்லாதபோது எதிர்க்கட்சி இடம் பிடித்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம்.

பாறை இடுக்கிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "போய் வாருங்கள், கரடியாரே. நான்கு நாளாக நீங்கள்தான் காட்டைத் தாங்குகிறீர்கள். ஒருவராவது 'நீ என்ன நினைக்கிறாய்' என்று உங்களைக் கேட்டார்களா? இன்று கேட்கிறார்கள். இடது கரையிலேயே நில்லுங்கள். என்னை மலையிலிருந்து தள்ளச் சொல்லுங்கள். எனக்கு வருத்தமில்லை."

தன்னையே தள்ளச் சொல்கிறவனுக்கு என்ன சூது இருக்க முடியும் என்று கரடி நினைத்தது.

"அண்ணா, எழுந்திருக்காதீர்கள்" என்றாள் சிட்டுக்காலி.

"ஒரே ஒரு நிமிடம் தங்கச்சி. போய் நின்றுவிட்டு வந்துவிடுகிறேன். அதுவரை நீ கொஞ்சம் சாய்ந்துகொள்."

கரடி எழுந்தது. பாறை ஒரு விரற்கடை நகர்ந்தது. சிட்டுக்காலி ஓடிவந்து அதில் முதுகைக் கொடுத்து, நான்கு காலையும் மண்ணில் ஊன்றினாள்.

கரடி கரைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் ஆரவாரம். அதன் ஆயுளில் யாரும் அதற்காகக் கத்தியதில்லை. கரடி இரண்டடி இடது பக்கம் வைத்தது. இடது கரை குதித்தது. நின்று, யோசித்து, ஓரடி வலது பக்கம் வைத்தது. வலது கரை கூத்தாடியது. கரடிக்கு இது பிடித்துப்போனது. இன்னும் கொஞ்சம் யோசித்தது.

சரிவில் சிறுத்தை உள்ளிருந்து பாறையைத் தள்ளிப் பார்த்தது.

"கரடி இல்லை. கனம் குறைந்திருக்கிறது. யாரது?"

"நான்தான். நீ கொன்ற குட்டியின் தாய்."

"நீ எந்தக் கரை?"

"பாறைக்கு இந்தப் பக்கம்" என்றாள் சிட்டுக்காலி.

சிறுத்தை பின்னால் போய் ஓடிவந்து மோதியது. சிட்டுக்காலியின் குளம்புகள் மண்ணில் கோடு கிழித்தன.

"மினுக்கி! கரைக்கு ஓடு. பாறை நகர்கிறது என்று சொல். வேறு எதுவும் சொல்லாதே. திரும்பி இங்கே வராதே."

"அம்மா, நீ..."

"ஓடு!"

மினுக்கி ஓடினாள். அவள் கரைக்கு வந்தபோது கரடி ஒருவழியாக இடது கரையில் நின்றிருந்தது. "நாற்பத்தொன்று, நாற்பது! மலை! மலை!" என்று காகம் கூவ, மலைக் கட்சியின் குதூகலத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை.

மினுக்கி நடு மணலில் நின்று கத்தினாள். "பாறை நகர்கிறது!"

"நடு மணலில் யார் அது? கூப்பிடாமல் வந்தவருக்குப் பேச்சில்லை!" என்று காகம் அதட்டியது. "பேச வேண்டுமானால் ஒரு கரையில் நில்!"

கிட்டத்தில் இருந்தது வலது கரை. மினுக்கி அதில் தாவி ஏறினாள். வாயைத் திறப்பதற்குள் கொக்கு துள்ளியது. "எண்ணு காகமே! இந்தத் தலையையும் எண்ணு! நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று!"

"அக்கிரமம்! அது குட்டி!" என்று அலறியது பன்றி. "அது பால்குடி மறக்கவில்லை!"

"மறந்துவிட்டது! பார், எவ்வளவு உயரம்!"

யானை துதிக்கையை உயர்த்தியது. சந்தடி அடங்கியது. "குழந்தாய், நீதான் சொல். இன்னும் பால் குடிக்கிறாயா?"

"காலையில் மட்டும்... ஐயா, பாறை..."

"கேட்டதற்கு மட்டும் பதில். காலையில் மட்டும் குடித்தால் அது குடித்த கணக்கா, மறந்த கணக்கா?"

இது இதுவரை யாரும் யோசிக்காத கேள்வி. இரண்டு கரையிலும் தாய்மார்கள் எழுந்து, தங்கள் குட்டிகள் எப்போது பால் மறந்தன என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வெயில் சாயத் தொடங்கியது. இதைச் சொல்லும்போது எனக்கே அந்தக் கூட்டத்தின்மேல் ஆத்திரமாக வருகிறது, பிள்ளைகளே.

கூட்டத்தில் ஒருவர் காதில் மட்டும் அந்தப் பாதிச் சொல் விழுந்தது. "என்ன சொன்னாய்? பாறையா?" என்றது கரடி.

 மினுக்கி தேம்பிக்கொண்டிருந்தாள். கரடி இடது கரையை விட்டுக் குதித்து, அதுவரை யாரும் பார்த்திராத வேகத்தில் சரிவில் ஓடியது. அதன் பின்னால் காடே ஓடியது.

பாறை சரிவில் உருண்டு ஓர் இலுப்பை மரத்தில் முட்டி நின்றிருந்தது. குகை காலி. வாசலில் சிட்டுக்காலி கிடந்தாள். கழுத்தில் பல் பட்டிருந்தது. ஒரு வாய்கூடத் தின்னப்படவில்லை. கரடியின் உறுமலும் நாற்பது நாற்பதாக வரும் காலடிச் சத்தமும் கேட்டுச் சிறுத்தை மலை தாண்டி ஓடியிருந்தது.

திடலில் குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. வாசலில் இருந்து பத்தடி தூரத்துக்கு அவள் குளம்பு கிழித்த நான்கு கோடுகள் மண்ணில் ஆழமாக இறங்கியிருந்தன. அவ்வளவு நேரம் தாங்கியிருக்கிறாள்.

பன்றிதான் முதலில் வாயைத் திறந்தது. "முதல் நாளே தள்ளியிருந்தால் இது நடந்திருக்குமா?"

"குகையை ஒழுங்காகக் காத்திருந்தால் இது நடந்திருக்குமா?" என்றது கொக்கு.

பழக்க தோஷம், பன்றியின் ஆட்கள் பிணத்துக்கு இடது பக்கமும் கொக்கின் ஆட்கள் வலது பக்கமுமாக ஒதுங்கி நின்றார்கள். காகம்கூட எண்ணுவதற்கு ஒரு கிளை தேடியது.

யானை மெதுவாக முன்னால் வந்தது. "குழந்தாய் மினுக்கி, இப்போது நடுவில் நின்றே பேசு. நான் கூப்பிடுகிறேன். அவன் மறுபடி பிடிபட்டால் என்ன தண்டனை தரலாம்? மலையா, குகையா?"

மினுக்கி தாயின் பக்கத்தில் நின்றாள். அவள் காகத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"இனிமேல் என் தலையை எண்ணலாம். காலையிலும் பால் இல்லை."

காகம் இறக்கையை மடக்கிக்கொண்டது.

பிறகு அவள் யானையிடம் சொன்னாள். "அம்மா உங்களிடம் மலையும் கேட்கவில்லை, குகையும் கேட்கவில்லை. ஒரு முதுகு கேட்டாள். எண்பது பேர் இருந்தீர்கள்."

 இடது பக்கம் நின்றவர்களும் வலது பக்கம் நின்றவர்களும் தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொருவராகத் திடலுக்கு இறங்கித் தங்கள் குட்டிகளைத் தேடிப் போனார்கள். மலைக்கு அப்பால் சிறுத்தை உயிரோடு இருக்கிறது என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கரடி மட்டும் போகவில்லை. அது இலுப்பை மரத்தடிக்குப் போய், அந்தப் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. பாறைக்குப் பின்னால் யாரும் இல்லை.

நீதி: கொலைகாரனுக்கு என்ன தண்டனை என்று வாதாடுகிறவர்கள், முதலில் அவனிடமிருந்து மற்றவர்களைக் காக்கும் பாரத்தில் தங்கள் பங்கைச் சுமக்க வேண்டும்.